ஷெல்பி கேட்ட நீலம்

பள்ளத்தாக்குப் பக்கம் ஏதோ ஒரு கல்யாணத்தில், கேக்கின் மேல் வைத்த பூ ஓர் ஆளைக் கொன்றுவிட்டது என்ற சேதியை டாட் தன் நாத்தனாரிடம் கேட்டாளாம். நாத்தனாருக்குச் சொன்னவள் அங்கே முடி வெட்டுகிறவள். முடி வெட்டுகிறவளுக்கு யார் சொன்னது என்று டாட் விசாரித்துக்கொள்ளவில்லை. சனிக்கிழமை காலை, தன் கடைக் கல்லாவுக்குப் பின்னால் நின்று அவள் கதையை ஆரம்பித்தபோது செத்தது மணப்பெண்ணின் சித்தப்பா. பால் டின்னையும் தேயிலையையும் பையில் போட்டு முடிப்பதற்குள் மாப்பிள்ளையே செத்துப்போயிருந்தான்.

"என்ன பூவாம்?" என்று கேட்டாள் வெர்னா.

"நீலமாம். யாரோ ஒருத்தி வீட்டுத் தோட்டத்துல வளர்த்ததாம். டவுன் கடையில வாங்கியிருந்தா இந்தத் தொல்லை உண்டா?" சொன்ன பிறகுதான் டாட்டுக்கு எதிரே நிற்பது யார் என்று உறைத்தது. "ஐயோ, உன்னைச் சொல்லலடி. உன் பூ வேற."

"நான் ஒண்ணும் கேக்கலையே."

"பின்ன ஏன் மூஞ்சி இப்படி வெளுக்குது? உன் பூவை யாரு திங்கப் போறா? உன் சமையலைத் திங்கவே ஆளில்ல."

கதவருகே காப்பி குடித்துக்கொண்டிருந்த மீன்பிடிக்காரர்கள் சிரித்தார்கள். வெர்னாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே வலது கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள். நேற்றிலிருந்தே அந்தக் கையின் சுட்டுவிரல் நுனி மரத்துக் கிடந்தது. யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதுபோல அதைக் கட்டைவிரலால் உள்ளுக்குள்ளேயே தேய்த்துப் பார்த்தாள். தேய்ப்பது வேறு யாருடைய விரலையோ என்றிருந்தது.

பெல்லமித் துறையில் வெர்னா ஹர்ட்டிலைத் தெரியாதவர் கிடையாது. மீன் ஆலை மூடும்வரை அங்கே ஹாடக் மீனைக் கீறி முள்ளெடுத்தவள். ஆலை மூடிய வசந்தத்தில் மற்றவர்கள் டவுனுக்கு வேலை தேடிப் போனபோது, இவள் வீட்டுக்குப் பின்னால் செத்துப்போன புருஷனின் நண்டுக் கூண்டுகள் அடுக்கியிருந்த இடத்தைக் காலி செய்து, மண்ணைக் கொத்தி, கடற்பாசியை வாரிப் போட்டு டேலியாக் கிழங்குகளைப் புதைத்தாள். சிங்கி நண்டு பிடிக்கிற ஊரில் பூ விற்கப் போகிறாளாம் என்று சிரித்தார்கள். பிறகு யாரோ ஒருவரின் சாவுக்கு மலர்வளையம் கேட்டு வந்தார்கள். அதன் பிறகு கல்யாணங்கள். நோவா ஸ்கோஷியாவின் அந்தத் தென்கரையில், மே முதல் அக்டோபர் வரை வெர்னாவின் தோட்டத்தைத் தொடாமல் யாரும் கல்யாணம் செய்துகொள்வதில்லை என்றாகிவிட்டது.

அதற்கென்று ஒரு முறையும் தானாக வந்து சேர்ந்தது. கல்யாண வாரத்தில் மணப்பெண் தனக்கு வேண்டிய ஒருத்தியை அழைத்துக்கொண்டு தோட்டத்துக்கு வருவாள். ரப்பர் பூட்ஸோடு பாத்தி பாத்தியாக நடந்து இது, இது, அது என்று கை காட்டுவாள். வெள்ளிக்கிழமை வெர்னா வெட்டி வாளிகளில் நிரப்பித் தருவாள். கல்யாண வீட்டுப் பெண்கள் வாளிகளைத் தூக்கிப் போய், மண்டபத்து மேசைகளுக்குத் தாங்களே ஜாடிகளில் அடுக்கிக்கொள்வார்கள். வெர்னா மட்டும் எந்தக் கல்யாணத்துக்கும் போகமாட்டாள். அழைப்பு வரும், பூ போகும், அவள் போகமாட்டாள்.

காரணம் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசமாட்டார்கள். அவளுடைய கல்யாணத்துக்கு அவள் தேர்ந்தெடுத்தது வெள்ளைக் கிளாடியோலஸ். தேவாலய வாசலில் ஒரு பக்கத்து வீட்டுக்காரி அதைப் பார்த்துவிட்டு, "அட, எங்க மாமா சவப்பெட்டி மேல வச்சதும் இதே பூதான்" என்றாள், பாராட்டுகிற குரலில். சில வருஷம் கழித்து, நண்டுப் பருவம் திறக்கும் முதல் நாள், கூண்டுகளைக் கடலில் தள்ளும்போது கயிறு காலைச் சுற்றி இழுத்து அவள் புருஷன் கால்வின் போய்விட்டான். பூவுக்கும் கயிற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் வெர்னாவுக்கே சொல்லத் தெரியாது. ஆனால் அது படகில் பன்றி என்ற சொல்லை வாயில் எடுக்காத ஊர்; துறையை விட்டுக் கிளம்பும்போது சீட்டி அடித்தவனை இறக்கிவிட்டுப் போகிற ஊர். அந்த ஊர்க்காரி, பூவைக் கையில் வைத்திருக்கிற ஒரு மணப்பெண்ணின் முன்னால் சாவு, சவம், விஷம் என்ற எந்தச் சொல்லையும் உச்சரிப்பதில்லை என்று வைத்துக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை. அதுவும் அந்தப் பெண் கடலுக்குப் போகிறவனைக் கட்டிக்கொள்கிறாள் என்றால் நினைப்பதுகூட இல்லை.

இந்தச் சனிக்கிழமைக் கல்யாணத்தின் மணப்பெண் ஷெல்பி வந்தது செவ்வாய்க்கிழமை. டவுனில் முதியோர் விடுதியில் வேலை பார்க்கிற பெண். சிறு வயதில் தாயை இழந்தவள். கூடவே அவளை வளர்த்த சித்தி ஜோலீன். டெர்ன் தீவில்தான் கல்யாணம். துறையிலிருந்து பார்த்தால் எதிரே தெரிகிற தீவு. ஷெல்பி பிறந்த இடம், மாப்பிள்ளை ட்ராய்க்கும் அதுவே.

தோட்டத்துக்குள் நுழைந்ததும் ஷெல்பி மூடிய கையை நீட்டி, மெல்லத் திறந்தாள். உள்ளங்கையில் ஒரு சில்லு, கட்டைவிரல் நகம் அளவு.

"என்னடி இது, முட்டை ஓடா?" என்றாள் வெர்னா.

"ட்ராயோட படகுப் பெயின்ட் அத்தை. கேபின் கதவுலேர்ந்து சுரண்டினேன். அவனுக்குத் தெரியாது."

"தெரிஞ்சா கல்யாணம் நின்னுபோகும்" என்றாள் ஜோலீன். "அவன் கட்டிக்கப்போறது இவளையா அந்தப் படகையான்னு எனக்கு இன்னும் சந்தேகம்தான்."

"இதே நீலத்துல பூ வேணும். வேற எந்த நிறம் இருந்தாலும் சரி, இது மட்டும் இருக்கணும்."

மூவரும் பாத்திகளில் நடந்தார்கள். போன வாரம் தெற்கேயிருந்து வந்த புயலின் வால் தோட்டத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போயிருந்தது. இரண்டாம் முறை பூத்திருந்த நீல டெல்ஃபினியம் முழுவதும் சேற்றில் படுத்திருந்தது. வெள்ளை டேலியா நல்லபடியாக நின்றது. ஷெல்பி அதற்குச் சரி என்றாள். வேலியோரத்து ஆஸ்டருக்கும் சரி என்றாள். ஹைட்ரேஞ்சியா முன் நின்று சில்லை இதழருகே பிடித்தாள்.

"இது நீலமா?" என்றாள் ஜோலீன். "விழுந்து எந்திரிச்ச முழங்கால் நிறம்."

"ஆகஸ்ட்ல வந்திருந்தா இது நல்லா இருந்திருக்கும்" என்று வெர்னா சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஷெல்பி அங்கே இல்லை. கொட்டகைக்குப் பின்னாலிருந்து அவள் குரல் வந்தது.

"அத்தை! இதை ஏன் ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

வெர்னா பாத்தியைத் தாண்டி அங்கே ஓடினாள். கொட்டகைக்குப் பின்னால் இருந்தது ஒரே செடிதான். அவள் அந்த வீட்டுக்கு வாழ வருவதற்கு முன்பே அங்கே நின்ற மங்க்ஸ்ஹூட். எல்லாம் வாடி ஒடுங்குகிற செப்டம்பரில் ஆளுயரத்துக்கு எழுந்து பூக்கும். ஒவ்வொரு பூவும் முக்காடு போட்டுக் குனிந்த ஒரு சின்ன சாமியார். நம் நாட்டு வைத்தியர்கள் வசநாபி என்று சொல்லித் தொட யோசிப்பார்களே, அதன் உடன்பிறப்பு. கிழங்கு மட்டுமல்ல, இலை, காம்பு, பூ என்று எல்லாமே ஆகாது. வாயில் பட்டால் முதலில் நாக்கு மரக்கும், அப்புறம் நெஞ்சின் தாளம் தப்பும். வெர்னா அதைத் தோண்டி எறிந்திருக்கலாம். வேறொன்றும் பூக்காத நாட்களில் கொட்டகைக்குப் பின்னால் போய் அதைப் பார்ப்பது அவளுக்குப் பிடிக்கும். அதனால் விட்டுவைத்தாள். யாருக்கும் வெட்டிக் கொடுத்ததில்லை.

ஷெல்பி சில்லை ஓர் இதழின் மேல் வைத்திருந்தாள். சில்லு எங்கே முடிகிறது, இதழ் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. அந்தப் பெண்ணின் கண்கள் நிறைந்துபோயிருந்தன. இன்னொரு கை காம்பை ஒடிக்கப் போனது.

"தொடாதே!"

வெர்னா கத்திய கத்தலில் ஜோலீன்கூடப் பின்வாங்கினாள். ஷெல்பி கையை இழுத்துக்கொண்டு, அடி வாங்கிய குழந்தைபோலப் பார்த்தாள்.

"ஏன் அத்தை?"

சொல் தொண்டை வரைக்கும் வந்தது. வெர்னாவுக்கு அது நாக்கின் அடியில் புளித்தது. எதிரே ஒரு மணப்பெண், கையில் புருஷனாகப் போகிறவனின் படகில் ஒரு துண்டு, இன்னும் சில வாரத்தில் நண்டுப் பருவத்தின் முதல் நாள். அவள் சொல்லவில்லை.

"அது... சட்டுனு வாடிப்போகும்டி. கை பட்டாலே தொங்கிரும். நானே வெட்டித் தர்றேன். ஜாடித் தண்ணியிலயே இருக்கட்டும். கைக்கொத்துல கட்டாதீங்க, தலையில வைக்காதீங்க."

"என்ன இவ்வளவு நோஞ்சானா இருக்கு?" என்றாள் ஜோலீன். "எங்க வீட்டுக்காரர் மாதிரி. பார்க்க ஆளுயரம், தொட்டா சாய்ஞ்சிடுவார்." பிறகு, காரியக்காரியாக, "ஈரம் இருந்தா நிக்கும் இல்ல?" என்று கேட்டாள்.

"ஈரம் இருந்தா நிக்கும்" என்றாள் வெர்னா.

உள்ளே கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தாள். வெல்லப்பாகு பிஸ்கட்டை ஜோலீன் பக்கம் நகர்த்திக்கொண்டே, பேச்சோடு பேச்சாக, கேக் யார் செய்கிறார்கள் என்று விசாரித்தாள். டவுனில் சொல்லியிருக்கிறோம், சர்க்கரையிலேயே பூ செய்து ஒட்டி வருகிறது என்றாள் ஜோலீன். வெர்னா தன் கோப்பையை எடுத்து நிதானமாக ஒரு வாய் குடித்தாள்.

கேக்கைப் பற்றி அவள் கேட்டதற்குக் காரணம் உண்டு. அந்தக் கரையில் கல்யாணக் கேக்கில் காம்போடு பூ குத்துவது வழக்கம். வெட்டும்போது பூ குத்திய துண்டு கல்யாணமாகாத பெண்களுக்குப் போகும். கிடைத்தவள் முதலில் காம்பில் ஒட்டிய சர்க்கரைப் பூச்சைச் சப்ப வேண்டும், எல்லோரும் கை தட்ட வேண்டும், அப்புறம்தான் பூவைக் காதோரம் செருகிக்கொள்வாள். அடுத்த கல்யாணம் அவளுக்கு. சின்னப் பெண்கள் எல்லாம் முண்டியடிப்பார்கள். முதல் பூ மட்டும் மணப்பெண்ணுக்கு. வெர்னாவே ஒரு காலத்தில் ஆலைத் தோழி ஒருத்தியின் கல்யாணத்தில் ஒரு ரோஜாக் காம்பைச் சப்பியவள்தான். கூட்டத்தில் பலமாகக் கை தட்டியவன் கால்வின்.

வெள்ளிக்கிழமை ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு வெட்டினாள். எல்லாவற்றையும் முதலில் வெட்டிவிட்டு, நீலத்தைக் கடைசியாக, தனி வாளியில். ஜோலீனின் பிக்கப் வண்டியில் ஏற்றும்போது "நீலம் ஜாடியிலயே" என்று மறுபடி சொன்னாள். "தெரியும்டி தாயே, நோஞ்சான்" என்று ஜோலீன் கையாட்டிக்கொண்டே போனாள். அதற்குப் பிறகுதான் கையுறையைக் கழற்றியபோது சுட்டுவிரல் நுனியில் கிழிசல் இருந்ததைப் பார்த்தாள். சோப்புப் போட்டுக் கழுவினாள். ஆலையில் நாள் முழுக்க ஐஸில் கை வைத்தால் வருமே, அந்த மரப்பு மெல்ல ஏறியது. காம்புச் சாறு தோலில் பட்டதற்கே இது.

இப்போது, கடையிலிருந்து திரும்பி, வாங்கிய சாமானைப் பையிலிருந்து எடுக்காமல் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கேக்கில் இருப்பது சர்க்கரைப் பூ, என் பூ ஜாடியில் இருக்கிறது என்று தனக்குத்தானே சொன்னாள். சொன்னது சரிதான். ஆனால் பள்ளத்தாக்குக் கல்யாணத்திலும் யாரோ ஒருத்தி இப்படித்தானே சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்திருப்பாள்? ஜாடி விருந்து மேசையின் நடுவில் இருக்கும். குழந்தைகள் இருக்கும். ஷெல்பியின் அத்தை மகளுக்கு எதைக் கண்டாலும் வாயில் வைக்கிற ஒரு பொடிசு உண்டு. ஓர் இதழ் சாலட் தட்டில் உதிரலாம். ஜாடித் தண்ணீரை யாராவது குடிதண்ணீர்க் குடத்தோடு மாற்றிவிடலாம். நினைக்க நினைக்க ஒவ்வொரு வழியும் முந்தின வழியைவிட நடக்கக்கூடியதாகத் தெரிந்தது. எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு துறைக்கு இறங்கினாள்.

கடைசிப் படகு புறப்படத் தயாராக நின்றது. தட்டையான, கார்களையும் ஏற்றிப் போகிற சிறிய படகு, ஓட்டுகிறவன் லாய்டு. அவனும் கல்யாணத்துக்கு அழைக்கப்பட்டவன் என்பதால், இதைத் தீவில் கட்டிவிட்டால் விருந்தும் ஆட்டமும் முடிகிற வரைக்கும் திருப்பிக் கொண்டுவரப் போவதில்லை. துறையில் வேறு படகும் இல்லை. நண்டுப் படகுகள் எல்லாம் கொடி கட்டிக்கொண்டு காலையிலேயே எதிர்க்கரைக்குப் போய்விட்டன. ஊரே போகிற கல்யாணத்தில் யாருக்காக நிறுத்தி வைப்பது?

டாட் கடையைப் பூட்டிவிட்டு, ஊதா நிறத் தொப்பியோடு நின்றிருந்தாள்.

"அடி, வந்துட்டியா? இந்தக் கோட்டோடவா கல்யாணத்துக்கு வர்றே?"

"நான் வரல. ஜோலீன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும், டாட்."

"என்ன விஷயம்?"

டாட்டின் கண்ணில் ஒரு விளக்கு எரிந்தது. அவளுக்குப் பின்னால் அரை ஊர் நின்றது. எல்லாக் காதும் இந்தப் பக்கம். வெர்னா அந்த விளக்கைப் பார்த்தாள். விஷம் என்று இங்கே ஒரு வார்த்தை விழுந்தால், படகு அந்தக் கரையைத் தொடும்போது ஊர்ப் பேச்சில் ஷெல்பி செத்திருப்பாள். வெர்னா ஹர்ட்டில் கொன்றிருப்பாள். தேவாலயத்துக்குள் காலெடுத்து வைக்கும்போது அந்தப் பெண்ணின் காதில் முதலில் விழுவது அந்தச் சொல்லாக இருக்கும். ட்ராயின் தாய் அதை ஒருநாளும் மறக்கமாட்டாள். பருவத்தின் முதல் நாள் ஏதாவது ஒன்று என்றால்...

"அந்த நீலப்பூவை ஜாடியை விட்டு எடுக்க வேணாம்னு சொல்லு. அவ்வளவுதான்."

"ஏன்?"

"வாடிரும்."

"இதுக்கா இப்படி மூச்சு வாங்க ஓடி வந்தே?" டாட் ஏமாற்றத்தோடு படகில் ஏறினாள்.

லாய்டு படகின் ஏறுபலகையைத் தூக்கினான். படகுக்கும் துறைக்கும் நடுவே கறுப்பாக ஒரு தண்ணீர்க் கீற்று விழுந்து, அகலமாகத் தொடங்கியது. அப்போதுதான் டாட்டுக்கு என்னவோ ஞாபகம் வந்தது. தொப்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கம்பி ஓரத்துக்கு ஓடி வந்தாள்.

"வெர்னா! சொல்ல மறந்துட்டேன்! கவலையே படாத! டவுன் கேக் நேத்து படகுல ஏத்தும்போது சரிஞ்சு, சர்க்கரைப் பூவெல்லாம் நொறுங்கிப்போச்சாம்! ஜோலீன் உன் நீலத்தைத்தான் குத்தப் போறா! கேக்கு ஈரமா இருக்கும், வாடாதுன்னு நீயே சொன்னியாமே!"

வெர்னாவின் கால் துறை விளிம்பு வரை தானாகப் போனது.

"வேணாம்! டாட்! அது விஷம்!"

அவள் வாழ்நாளில் ஒரு பூவைப் பற்றி அந்தச் சொல்லைச் சொன்னது அதுதான் முதல் தடவை. காற்று கடலிலிருந்து அவள் முகத்துக்கு அடித்துக்கொண்டிருந்தது. எஞ்சின் இரைந்தது. படகில் யாரோ பாட ஆரம்பித்திருந்தார்கள். மறுபடி கத்தினாள். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் வீசினாள். டாட் கையுறை போட்ட கையை உதட்டில் வைத்து ஒரு முத்தத்தை ஊதி அனுப்பினாள். பக்கத்தில் நின்றவர்களும் கையாட்டினார்கள். வெர்னா ஹர்ட்டில் ஒரு கல்யாணப் படகை வழியனுப்ப வந்து இவ்வளவு கையாட்டியதை அவர்கள் இதற்கு முன் பார்த்ததில்லை.

கடை பூட்டியிருந்தது. கதவை உலுக்கிப் பார்த்தாள். கைப்பேசி என்று ஒன்று அவளிடம் கிடையாது. இருந்தாலும் தீவில் யாருடையதற்கும் சிக்னல் கிடைக்காது. மேட்டில் வீடு. ஏற ஆரம்பித்தாள். பாதி ஏற்றத்தில் நெஞ்சு படபடவென்று அடித்தது. நின்று கையை வைத்துப் பார்த்தாள். ஏற்றத்தால் வந்த படபடப்பா, விரல் வழியாக ஏறியதா என்று சொல்ல முடியவில்லை. அங்கே, வெள்ளைச் சர்க்கரையில் நீலக் காம்புகளை ஜோலீன் ஆழமாக, ஈரம் படும்படி, சாயாமல் நிற்கும்படி ஒவ்வொன்றாகக் குத்திக்கொண்டிருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. அவள் கை சுத்தமான கை. கையுறை போடக் காரணம் இருப்பதாக யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. அந்த ஈரத்தையும் வெர்னாதான் சொல்லிக் கொடுத்தாள்.

வீட்டுக் கதவைத் திறந்தபடியே விட்டு, சுவர்த் தொலைபேசியை எடுத்தாள். தீவு மண்டபத்தின் எண்ணை அவள் தேட வேண்டியதில்லை. ஆலைக் காலத்து ஆட்டங்களுக்கெல்லாம் கால்வினைத் தேடி அழைத்த எண். சுட்டுவிரல் பொத்தானை உணரவில்லை, நடுவிரலால் அழுத்தினாள்.

மணி அடித்தது.

மண்டபத்துத் தொலைபேசி சமையலறையில், குளிர்பெட்டிக்கும் பின்கதவுக்கும் நடுவில், சுவரில் இருக்கும். படகு அக்கரை சேர்ந்திருக்கும், இந்நேரம் எல்லோரும் தேவாலயத்தில் இருப்பார்கள். சமையலறையில் ஒருத்தி இருப்பாள், யாராவது ஒருத்தி எப்போதும் இருப்பாள், உருளைக்கிழங்கைப் பார்த்துக்கொள்ள. மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒருத்தியும் இல்லை. ஷெல்பியை வளர்த்த ஊர். அவள் உள்ளே நடக்கிற அந்த நிமிஷத்தைப் பார்க்க உருளைக்கிழங்கை விட்டுவிட்டு எல்லோரும் ஓடியிருப்பார்கள்.

வைத்துவிட்டு அவசர எண்ணை அழுத்தினாள். எடுத்தது அமைதியான குரலில் ஒரு பெண். யாராவது சாப்பிட்டுவிட்டார்களா, அம்மா? இன்னும் இல்லை. யாருக்காவது உடம்பு சரியில்லையா? இன்னும் இல்லை. டவுனிலிருந்து வண்டியை அனுப்புகிறேன், நீங்கள் மண்டபத்தைத் தொடர்ந்து அழைத்துக்கொண்டே இருங்கள் என்றாள் அந்தப் பெண். வண்டி வரும். வந்து அதே துறையில், இவள் சற்றுமுன் நின்று கையாட்டிய அதே விளிம்பில், எதிரே பார்த்துக்கொண்டு நிற்கும்.

மறுபடி மண்டபம், மறுபடி, மறுபடி; அரை மணி நேரத்துக்கு மேல் அப்படியே போயிற்று. மணி அடித்தது. சன்னல் வழியாக டெர்ன் தீவு தெரிந்தது. தேவாலயத்தின் வெள்ளை, அதற்குக் கீழே மண்டபத்தின் பச்சைக் கூரை, கொடி கட்டிய படகுகள். அவற்றில் ஒன்றின் கேபின் நீலம்.

யாராவது எடுத்தால் என்ன சொல்வது? இதற்கு முன் எடுத்திருந்தால் சுற்றி வளைத்திருப்பாள் என்று அவளுக்குத் தெரிந்தது. வாடும், தொங்கும், நோஞ்சான் என்று மறுபடி எதையாவது சொல்லி, மறுபடி ஏதோ ஒரு கெட்டிக்காரி அதற்கொரு வழி கண்டுபிடித்திருப்பாள். ஆளில்லாத தன் சமையலறையில், தொலைபேசி காதில் இருக்க, அவள் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள்.

"விஷம். அது விஷம் ஜோலீன். காம்பை யாரும் வாயில வைக்கக் கூடாது. ஷெல்பிகிட்ட சொல்லு. அவகிட்டயே சொல்லு. கேக்கைத் தூக்கிக் கடல்ல போடுங்க."

ஒன்றும் ஆகவில்லை. அலமாரியில் கோப்பைகள் அப்படியே தொங்கின.

அப்போது ஊதல் கிளம்பியது. முதலில் ஒரு படகு, பிறகு இன்னொன்று, பிறகு எல்லாம் சேர்ந்து, தண்ணீர் முழுக்க நிறைகிற மாதிரி. மணமக்கள் தேவாலயத்தை விட்டு வெளியே வந்துவிட்டார்கள். இனி மேட்டிலிருந்து மண்டபம் வரைக்கும் சிறிய சரிவு. குழந்தைகள் முன்னால் ஓடி வரும். அவர்கள் முதலில் ஓடுவது கேக் வைத்த மேசைக்குத்தான், எந்தப் பூவுக்குப் பக்கத்தில் நிற்பது என்று இடம் பிடிக்க. யாரோ ஒருத்தி பின்கதவு வழியாகச் சமையலறைக்குள் வருவாள், உருளைக்கிழங்கைப் பார்க்க. வருவாள். கதவுக்குப் பக்கத்திலேயே தொலைபேசி. ஆனால் இந்த ஊதலில் அவள் காதில் அது விழ வேண்டும்.

வெர்னா மரத்த விரலைத் தொலைபேசிக் கம்பியில் சுற்றிக்கொண்டு, சன்னலிலிருந்து கண்ணை எடுக்காமல் நின்றாள். பச்சைக் கூரையின் கீழே கதவு திறந்தது. இத்தனை தூரத்திலிருந்து எறும்பளவு ஆட்கள், வெள்ளையாக ஒரு புள்ளி நடுவில், உள்ளே போனார்கள்.

"எடுங்கடி" என்றாள். "யாராவது எடுங்கடி."

காதில் மணி அடித்தது. நின்றது. அடித்தது.